கல்லூரிக்குப் பிறகு எந்த ஊர்? – ஐந்து பாடவேளைச் செயல்பாடு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்ன படிக்கலாம் என்ற கேள்விக்கு நம் பள்ளிகளில் இப்போது ஓரளவு நல்ல பதில் கிடைக்கிறது. 2022 மார்ச் 1 அன்று நான் முதல்வன் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு உயர்கல்வி வழிகாட்டலுக்கென்று நேரம் ஒதுக்குகிறோம். பாடப்பிரிவுகள், கல்லூரிகள், கலந்தாய்வு, உதவித்தொகை எல்லாவற்றையும் பேசுகிறோம். ஆனால் படிப்பு முடிந்ததும் வரும் அடுத்த கேள்வியை நாம் தொடுவதே இல்லை. எந்த ஊரில் வேலைக்குச் சேர்வது?

இந்தக் கேள்வி இப்போது நம் வாசலுக்கு வந்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. 2021-இல் பொறியியல் சேர்ந்த நம் பிள்ளைகள் 2025-இல் பட்டம் பெற்றார்கள். அதே ஆண்டு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு 2026 இறுதி ஆண்டு. செவிலியர், மருந்தாளுநர், ஆசிரியர் கல்வி முடித்தவர்களும் இருக்கிறார்கள். பலருக்கு, வீட்டில் தொழிற்படிப்பு முடித்த முதல் ஆள் அவர்கள்தான். சென்னையில் வாடகை எவ்வளவு, கோயம்புத்தூரில் தொடக்கச் சம்பளம் எப்படி, வெளி மாநிலத்தில் நம் பதிவு செல்லுமா என்று கேட்க அவர்களுக்குச் சித்தப்பாவோ மாமாவோ இல்லை. அதனால் "டீச்சர், எங்க போகட்டும்?" என்று நம்மைக் கேட்கிறார்கள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியராகவும் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியராகவும் பணிபுரிகிறேன். ஊரைத் தேர்ந்தெடுப்பதைப் பள்ளியிலேயே கற்றுக்கொடுக்க முடியும் என்பது என் அனுபவம். அதற்காகப் பன்னிரண்டாம் வகுப்பில் ஐந்து பாடவேளைகளில் நான் செய்த செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். சிறு மாற்றங்களுடன் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளிலும் செய்யலாம்.

கையில் எடுத்த சிக்கல்

வெறும் கற்பனைக் கணக்கு என்றால் மாணவர்கள் விரைவில் சலித்துவிடுவார்கள். எனவே எங்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் உண்மையான சிக்கலை, அவரது அனுமதியுடன், பெயரைச் சொல்லாமல் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். செவிலியர் பட்டப்படிப்பு முடித்தவர். அவருக்கு இரண்டு வேலை வாய்ப்புகள். ஒன்று சென்னையில், தீவிர சிகிச்சைப் பிரிவில். கையில் வரும் சம்பளம் 22,000 ரூபாய். மற்றொன்று புதுச்சேரியில், பொதுப் பிரிவில், 16,000 ரூபாய். அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் காலில் புண், மாதம் இரண்டு முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தம்பி பதினொன்றாம் வகுப்பு. அப்பா மீன் வியாபாரம். "பாண்டிச்சேரியே போதும், தினமும் வீட்டுக்கு வந்துடலாம்" என்பது அப்பாவின் முடிவு. மகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கற்க வேண்டும் என்று ஆசை. பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் இருந்தது.

"இந்த அக்காவுக்கு நாம் என்ன சொல்லலாம்?" என்று கேட்டேன். நொடியில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சென்னை என்றவர்களுக்கு ஒரே காரணம், சம்பளம். புதுச்சேரி என்றவர்களுக்கும் ஒரே காரணம், வீடு. ஐந்து நாள் கழித்து மறுபடி கேட்கிறேன் என்று சொல்லி, அன்றைய எண்ணிக்கையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

முதல் பாடவேளை: நம் தெருவிலிருந்து யார் எங்கே போனார்கள்?

முந்தின நாளே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். உங்கள் தெருவிலிருந்து வேலைக்காக வெளியூர் போன ஐந்து பேரைப் பற்றிக் கேட்டு வாருங்கள். எந்த ஊர், என்ன வேலை, அந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார், அவருக்கு முன்பே அங்கே யார் இருந்தார்கள் என்ற நான்கு கேள்விகள் மட்டும். வகுப்பில் தமிழ்நாட்டு வரைபடத்தில் புள்ளி வைத்தோம். சென்னை, திருப்பூர், புதுச்சேரி, பெங்களூரு என்று புள்ளிகள் குவிந்தன. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வரைபடத்துக்கு வெளியே அம்புக்குறி போட்டோம்.

நான்காம் கேள்விக்கான பதில்களைப் படித்தபோது மாணவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலானோர் போன ஊரில் ஒரு அண்ணனோ, மச்சானோ, பக்கத்து வீட்டுக்காரரோ முன்பே இருந்திருக்கிறார். "டீச்சர், இவங்க யாரும் ஊரைப் பார்த்துப் போகலை, ஆளைப் பார்த்துத்தான் போயிருக்காங்க" என்றான் ஒரு மாணவன்.

இதற்குப் பாடநூல் அடித்தளம் தருவது எளிது. 1885-இல் ராவென்ஸ்டைன் இடப்பெயர்வு விதிகளை வெளியிட்டார். பெரும்பாலானோர் குறுகிய தூரமே நகர்கிறார்கள், நெடுந்தூரம் போகிறவர்கள் பெரிய வணிக, தொழில் நகரங்களை நாடுகிறார்கள் என்பவை அவற்றுள் இரண்டு. 1966-இல் எவரெட் லீ, புறப்படும் ஊரில் உள்ள காரணங்கள், சேரும் ஊரில் உள்ள காரணங்கள், இடையில் உள்ள தடைகள், தனிமனிதச் சூழல் என்று நான்காக வகுத்தார். லீயின் நான்கு தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதி, செவிலியர் அக்காவின் சிக்கலை அவற்றின் கீழ்ப் பிரிக்கச் சொன்னேன். அம்மாவின் கால் புண் எந்தத் தலைப்பில் வரும் என்பதில் நல்ல விவாதம் நடந்தது.

இரண்டாம் பாடவேளை: பதிவுச் சான்று எங்கெல்லாம் செல்லும்?

இது மாணவர்களுக்கு முற்றிலும் புதிய செய்தி. நமக்கும் பயன்படும். தொழிற்படிப்புகள் பலவற்றில் பட்டம் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். எங்கே பதிவு செய்கிறோம் என்பது எங்கே வேலை செய்யலாம் என்பதைத் தொடுகிறது. குழுவுக்கு ஒரு தொழில் கொடுத்து, தகவல்களைத் தொகுத்தோம்.

பொறியாளர்: பொதுவான வேலைகளுக்குத் தனிப் பதிவு தேவையில்லை. பட்டத்துடன் எந்த மாநிலத்துக்கும் செல்லலாம். ஆனால் பெரிய நிறுவனங்களில் பணியிடத்தை நிறுவனமே முடிவு செய்வதுண்டு. பணி ஆணையில் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

வழக்கறிஞர்: 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே பார் கவுன்சில். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியது. கடலூர் மாவட்டம் அதன் எல்லையில் இல்லை, சென்னையில்தான் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்ய விரும்பும் நம் மாவட்டப் பிள்ளை, ஊர்க்காரர்களின் வழக்குகளை எதிர்பார்த்து மதுரைக்குப் போவது பொருந்தாது.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர்: மூவருக்கும் மாநில அளவிலான பதிவு உண்டு. மருந்தாளுநர் பதிவு 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் கீழ் வருகிறது. வேறு மாநிலத்தில் பணிபுரியச் செல்பவர் அங்குள்ள கவுன்சிலின் நடைமுறை, கட்டணம், எடுக்கும் காலம் மூன்றையும் பணியை ஏற்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

கட்டடக் கலைஞர்: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியா முழுமைக்கும் ஒரே பதிவேடு.

ஆசிரியர்: இதை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்கு மத்திய அரசின் தகுதித் தேர்வு.

கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் அது வேறு ஆட்சிப் பகுதி. எனவே முதலில் செய்ய வேண்டியது தன் பதிவு பற்றிக் கவுன்சிலில் கேட்டு உறுதி செய்துகொள்வது என்று மாணவர்கள் தாங்களாகவே எழுதினார்கள்.

மூன்றாம் பாடவேளை: மாதக் கடைசியில் கையில் எவ்வளவு?

ஊருக்கு ஊர் செலவு மாறும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று நம் சம்பளப் பட்டியலில் இருந்தே தொடங்கினேன். மத்திய அரசு வீட்டு வாடகைப்படிக்காக நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என மூன்றாகப் பிரிக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ளவை எக்ஸ். சென்னை அதில் வருகிறது. 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய். கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் அதில் வருகின்றன. மற்றவை இசட். கடலூரும் சிதம்பரமும் இதில்தான். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதிலிருந்து, இந்த மூன்றுக்கும் அடிப்படைச் சம்பளத்தில் முறையே 30, 20, 10 விழுக்காடு வாடகைப்படி. தனியார் நிறுவனம் இப்படிப் பிரித்துத் தருவது அரிது. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

பிறகு அக்காவின் கணக்கு. தொகைகளை அவரிடமும், சென்னையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்களிடமும் கேட்டு வைத்திருந்தேன்.

சென்னை: கையில் வருவது 22,000. உணவுடன் விடுதி 8,500. உள்ளூர்ப் பேருந்து 600. மாதம் இருமுறை ஊருக்கு வந்து செல்ல 1,000. தொலைபேசி, துணி, மருந்து, பிற 2,500. மொத்தச் செலவு 12,600. மிச்சம் 9,400.

புதுச்சேரி, வீட்டிலிருந்து தினமும்: கையில் வருவது 16,000. பேருந்துக் கட்டணம் 2,600. வெளியில் சாப்பாடு, தேநீர் 1,500. பிற 2,000. மொத்தச் செலவு 6,100. மிச்சம் 9,900.

சம்பளத்தில் 6,000 ரூபாய் வேறுபாடு இருந்த இடத்தில், மிச்சத்தில் புதுச்சேரி 500 ரூபாய் கூடுதலாக நின்றது. சென்னை என்று கை தூக்கியவர்கள் அமைதியானார்கள்.

உடனே நேரத்தையும் கணக்கிடச் சொன்னேன். அக்காவின் வீட்டிலிருந்து புதுச்சேரி போய்வர நாளுக்கு மூன்றரை மணி நேரம். 26 வேலை நாளுக்கு 91 மணி நேரம். சென்னையில் விடுதியிலிருந்து போய்வர அரை மணி நேரம், மாதத்துக்கு 13 மணி நேரம். வேறுபாடு 78 மணி நேரம். "500 ரூபாய்க்காக 78 மணி நேரம் பஸ்ஸிலயா டீச்சர்?" என்றான் ஒருவன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "அம்மாவோட இருக்கறதுக்கு என்ன விலை போடுவீங்க?" என்று அவனைத் திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையிலேயே எழுதி, நாளைக்கு என்று குறித்தேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. முதல் சம்பளம் வரும்வரை தாக்குப்பிடிக்க எவ்வளவு வேண்டும்? விடுதி முன்பணம் 8,500, முதல் மாதக் கட்டணம் 8,500, மெத்தை, வாளி, சீருடைக்கு 3,500, கைச்செலவு 3,500. ஆக 24,000 ரூபாய். இதை எங்கே வாங்குவார் என்று கேட்டேன். "வட்டிக்குத்தான்" என்று பதில் வந்தது. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் மாதம் 720 ரூபாய். ஆறு மாதத்தில் அசலைத் திருப்பினாலும் வட்டி எவ்வளவு என்று கணித ஆசிரியர் அடுத்த நாள் தம் வகுப்பில் தொடர்ந்தார்.

தனி வீடு எடுப்பவர்களுக்காக ஒரு சட்டச் செய்தியையும் சேர்த்தேன். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

நான்காம் பாடவேளை: ரூபாயில் அடங்காதவை

முந்தின நாள் கேள்வியிலிருந்து தொடங்கினோம். மாணவர்கள் சொன்னவற்றைத் தொகுத்தபோது ஐந்து அளவுகோல்கள் வந்தன: மிச்சமாகும் பணம், வேலையில் கற்றுக்கொள்வது, ஊர் திரும்பும் வழி, தெரிந்தவரும் பாதுகாப்பான தங்குமிடமும், வீட்டின் தேவை.

இவற்றை விளக்க இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்தினேன். ஒன்று மாணவர்கள் அறிந்த சிலப்பதிகாரம். கோவலன் புதிதாகத் தொழில் தொடங்க நம் பக்கத்துப் பூம்புகாரை விட்டு மதுரைக்குப் போனான். கையில் முதல் இருந்தது, சிலம்பு. துணைக்குக் கண்ணகி இருந்தாள். தங்க இடமும் மாதரியின் வீட்டில் கிடைத்தது. ஆனால் சிலம்பை விற்கப் போன கடைவீதியில், இவன் இன்னாருடைய மகன், நல்லவன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தமிழாசிரியரையும் வகுப்புக்கு அழைத்திருந்தேன். புதிய ஊரில் நமக்காகப் பேச ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அவர் சொன்னபோது வகுப்பு ஆழ்ந்து கேட்டது.

மற்றொன்று கணிதமேதை இராமானுஜன். 1910-இல் அவர் வேலை கேட்டுத் திருக்கோவிலூருக்கு வந்தார். திருக்கோவிலூர் அப்போது கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. அங்கே துணை ஆட்சியராக இருந்த இராமசாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வருவாய்த் துறையில் ஓர் எழுத்தர் வேலை கொடுத்து இராமானுஜனை அங்கேயே இருத்தியிருக்கலாம். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்த அவர் அப்படிச் செய்யவில்லை. சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் இராமானுஜனுக்குக் கிடைத்ததும் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலைதான். ஆனால் அங்கே அவரது கணிதத்தைப் புரிந்துகொண்டவர்கள் சுற்றிலும் இருந்தார்கள். தலைமைக் கணக்கரான நாராயண ஐயரே கணிதம் அறிந்தவர். 1914-இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். வேலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊர் மாறினால் கற்றல் மாறும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் மாவட்டத்தில் கிடைக்காது.

பிறகு மதிப்பெண் அட்டவணை. ஒவ்வொரு மாணவரும் தம் கையில் உள்ள 10 புள்ளிகளை ஐந்து அளவுகோல்களுக்கும் தம் விருப்பப்படி பங்கிட வேண்டும். இது எடை. ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வோர் அளவுகோலிலும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எடையை மதிப்பெண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மதிப்பெண்களை வகுப்பே பேசி ஒன்றாக முடிவு செய்தது. மேலே சொன்ன வரிசைப்படி சென்னைக்கு 3, 5, 2, 3, 2. புதுச்சேரிக்கு 3, 3, 4, 4, 4.

ஒரு மாணவி 2, 3, 1, 2, 2 என்று எடை போட்டாள். சென்னைக்கு 33, புதுச்சேரிக்கு 35. பக்கத்தில் இருந்தவள் கற்றலுக்கு 5, பணத்துக்கு 2, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று என்று போட்டாள். சென்னைக்கு 38, புதுச்சேரிக்கு 33. ஊர்களுக்கான மதிப்பெண்கள் அதே, விடை தலைகீழ். "அப்போ எது டீச்சர் சரி?" என்றார்கள். இரண்டு கூட்டலும் சரி, எடை போட்டவர்கள்தான் வேறு என்றேன். அன்றைய பாடத்தின் மையம் இதுதான். சிறந்த ஊர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. யாருக்கு, எந்த நேரத்தில், எதற்கு எடை அதிகம் என்று தெரிந்தால்தான் ஊரைப் பற்றிப் பேச முடியும்.

இந்த அட்டவணையில் ஒரு விதி வைத்திருக்கிறேன். சொந்த மாவட்டத்துக்கும் ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். வெளியூர் போவதுதான் வெற்றி என்ற எண்ணம் நம் பேச்சில் நம்மையறியாமல் வந்துவிடுகிறது. சிதம்பரத்தையே பாருங்கள். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ ஊர்க்காரர்கள் தேடிவந்து தங்கிய ஊர் அது. பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம், அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி, கடலூரில் மாவட்ட நீதிமன்றமும் சிப்காட் தொழில் வளாகமும், நெய்வேலியில் 1956 முதல் நிலக்கரி நிறுவனம் என்று மாவட்டத்துக்குள்ளேயே பட்டியல் நீள்கிறது. அண்டையில் விழுப்புரம் மாவட்டத்தில் 2024-இல் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. எல்லோருக்கும் இங்கே இடம் இருக்கிறது என்று பொருள் இல்லை. இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்து ஏற வேண்டும்.

புவியியல் ஆசிரியர்கள் ஆறாவதாக வெள்ள அபாயத்தையும் சேர்க்கலாம். 2015 வடகிழக்குப் பருவமழையில் கடலூரும் மூழ்கியது, சென்னையும் மூழ்கியது. வாடகை குறைவான தரைத்தள அறை ஏன் குறைவு என்று கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும்.

ஐந்தாம் பாடவேளை: வீட்டில் எப்படிப் பேசுவது?

ஊரைத் தேர்ந்தெடுப்பது தனியாள் முடிவு அல்ல, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களின் இடப்பெயர்வுக்கு முதன்மைக் காரணமாகப் பதிவாவது திருமணம். வேலைக்காக ஒரு பெண் தனியே வேறு ஊர் போவது பல வீடுகளில் இன்னும் புதிய செய்தி. எனவே கடைசிப் பாடவேளையை நடித்துக் காட்டலுக்கு ஒதுக்கினேன். ஒருவர் அப்பா, ஒருவர் அம்மா, ஒருவர் மகள்.

முதல் குழுவில் மகள் கெஞ்சினாள், அப்பா மறுத்தார், அவ்வளவில் முடிந்தது. இரண்டாம் குழுவில் மகள் தாளுடன் வந்தாள். விடுதியின் முகவரி, பொறுப்பாளர் தொலைபேசி எண், கடைசிப் பேருந்து நேரம், மாதம் வீட்டுக்கு அனுப்பும் தொகை, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வரும் நாட்கள் எல்லாம் அதில் இருந்தன. அப்பாவாக நடித்த மாணவன் மறுக்கக் காரணம் தேடி விழித்தான். வகுப்பு கைதட்டியது.

பாதுகாப்பான தங்குமிடம் பற்றிப் பெற்றோர் கேட்கும்போது, அரசின் 'தோழி' விடுதிகளைச் சொல்லலாம். பணிபுரியும் பெண்களுக்கான இவை தாம்பரம், கூடுவாஞ்சேரி, விழுப்புரம், வேலூர், திருச்சிராப்பள்ளி உள்ளிட்ட இடங்களில் இயங்குகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒருமுறை சொன்னாலே பல தாய்மார்கள் குறித்துக்கொள்கிறார்கள்.

இறுதியாக, வேலையை ஏற்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை மாணவர்கள் தொகுத்தார்கள். அந்தப் பட்டியல் இது:

1. பிடித்தம் போகக் கையில் வரும் சம்பளம் எவ்வளவு? முதல் சம்பளம் எந்தத் தேதியில்?
2. பணியிடம் எது என்று ஆணையில் எழுதியிருக்கிறதா? பிறகு மாற்றுவார்களா?
3. பணியாளர் விடுதி உண்டா? இரவுப் பணி முடிந்தால் வாகனம் உண்டா?
4. என் பதிவுச் சான்று அந்த மாநிலத்தில் செல்லுமா?
5. இத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா? இடையில் விலகினால் என்ன?
6. அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்களா?
7. இந்த வேலையில் முதல் இரண்டு ஆண்டில் நான் என்ன கற்பேன்? யார் கற்பிப்பார்?
8. இந்த வேலை போனால் அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா?
9. வீட்டில் அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரலாம்?
10. அந்த ஊரில் எனக்காகப் பேச யார் இருக்கிறார்?

இந்தப் பட்டியலை அன்று மாலையே செவிலியர் அக்காவுக்கு அனுப்பினோம். அவர் இரண்டு மருத்துவமனைகளுக்கும் தொலைபேசியில் பேசினார். மூன்றாம் கேள்வியைப் புதுச்சேரியில் கேட்டபோது, பணியாளர் விடுதி இருப்பதும், மாதம் 3,000 ரூபாய் என்பதும் தெரியவந்தது. அதுவரை அவர் முன் இருந்தவை இரண்டு வழிகள் மட்டுமே. தினப் பயணம், அல்லது சென்னை. இப்போது மூன்றாவது வந்தது. புதுச்சேரி விடுதியில் தங்கி, விடுப்பு நாளில் வீடு வருவது. அவர் அதையே எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மறுபடி முயல்வதாக அப்பாவிடமும் சொல்லி, அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

வகுப்பில் சிலருக்கு இதில் வருத்தம். "சென்னைக்குத்தான் டீச்சர் போயிருக்கணும், அந்த வேலை திரும்பக் கிடைக்குமா?" என்றாள் கற்றலுக்கு 5 புள்ளி போட்டவள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வாய்ப்பு அப்படியே காத்திருக்காது. ஆனால் அம்மாவின் கால் புண்ணுக்கு எத்தனை புள்ளி என்பதை அந்த வீட்டுப் பெண்தான் போட முடியும் என்று வகுப்பில் சொன்னேன். முதல் நாள் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிய எண்ணிக்கையை மறுபடி எடுத்தோம். இரு பக்கமும் ஏறக்குறைய அதே அளவுதான். இம்முறை கை தூக்கிய ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்பக்கத்தின் காரணங்களும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன.

தொடக்கப் பள்ளியில் எப்படி?

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் முதல் பாடவேளைச் செயல்பாடு மட்டும் போதும். "நம் தெருவிலிருந்து வேலைக்குப் போனவர்கள்" என்ற தலைப்பில் படவரைபடம் செய்யலாம். ஊர்ப் பெயர்களைப் படிக்கவும், திசை சொல்லவும், தூரத்தை ஒப்பிடவும் குழந்தைகள் பழகுவார்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர் என்பதை அளவாக வைத்து, சென்னை அதைப் போல எத்தனை மடங்கு என்று கேட்கலாம். நடுநிலை வகுப்புகளில் வரவு செலவுக் கணக்கைச் சேர்க்கலாம். தொகைகளை உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் புதிதாகக் கேட்டு எழுதுவது நல்லது.

பள்ளிக்கு ஓர் ஊர்ப் பதிவேடு

இந்தச் செயல்பாட்டின் தொடர்ச்சியாக எங்கள் பள்ளியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியிருக்கிறோம். படித்து முடித்து வெளியூரில் வேலை செய்யும் முன்னாள் மாணவர்களின் பெயர், தொழில், ஊர், தொலைபேசி எண் ஆகியவற்றை, அவர்களின் சம்மதம் பெற்று, ஊர்வாரியாக எழுதுகிறோம். அது உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும். யாரும் எண்ணைக் கேட்டால், முதலில் அந்த முன்னாள் மாணவரிடம் கேட்டுவிட்டுத்தான் தருவோம். தாம்பரத்தில் இருவர், ஓசூரில் ஒருவர், கோயம்புத்தூரில் மூவர், புதுச்சேரியில் நால்வர் என்று இப்போதைக்கு ஒரு பக்கம்தான் நிறைந்திருக்கிறது.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பதிவேடு தேவைப்படாது. அவனுக்கு உறவினர் வீடுகளே பதிவேடு. நம் பள்ளியில் படித்துத் தொழிற்படிப்பு முடித்து வெளியே வரும் முதல் தலைமுறைக்கு அந்த வேலையைப் பள்ளிதான் செய்ய வேண்டும். இராமசாமி ஐயர் எழுதிக் கொடுத்ததைப் போன்ற ஓர் அறிமுகக் கடிதத்தை நம்மாலும் எழுத முடியும். இந்தக் கல்வியாண்டில் உங்கள் பள்ளியிலும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் எழுத, உங்களிடம் படித்த ஒருவரின் பெயர் இப்போதே உங்களுக்கு நினைவுக்கு வரும்.